பெரிய பம்பு போட்டுவிட்டால் போதுமா?

சூப்பர்சார்ஜர் பொருத்திய காரின் எரிபொருள் பம்பை மாற்றப் போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற ஆகப் பெரிய பம்பை வாங்கிப் போடு. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு போதும் என்று கணக்கு சொன்னால் 340 வாங்கு. 340 என்று சொன்னால் 450 வாங்கு. எஞ்சினுக்கு வேண்டியதை அது குடித்துக்கொள்ளும், மிச்சத்தை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பிவிடும். பெட்ரோல் குறைந்தால்தான் எஞ்சின் போகும், கூடினால் ஒன்றும் ஆகாது. இந்த வாதத்தில் பாதி உண்மை. பூஸ்ட் முழுவதும் ஏறி நிற்கும் நேரத்தில் கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் நாக் அடிக்கும். சில விநாடிகளிலேயே பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையலாம், பிஸ்டனின் தலையே உருகலாம். அந்த அச்சம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்த அச்சத்திலிருந்து ‘ஆகவே ஆகப் பெரியதை வாங்கு’ என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் தவறு இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் எண் உங்கள் காரில் அந்தப் பம்பு தரப்போகும் அளவு அல்ல. தேவைக்கு மேல் தள்ளப்படும் பெட்ரோல் தீங்கில்லாமல் திரும்பிப் போய்விடுவதும் இல்லை. பெரிய எண்ணை நம்பிக் கணக்கைக் கைவிடுகிறவர், எதற்கு அஞ்சினாரோ அந்த இடத்துக்கே வேறு வழியில் போய்ச் சேரக்கூடும்.

பொதுவாகப் பேசினால் இந்த விவாதம் எங்கும் போகாது என்பதால் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஃபோர்டின் எஸ்விடி பிரிவு 2003, 2004 மாடல் ஆண்டுகளில் விற்ற மஸ்டாங் கோப்ரா இதற்குப் பொருத்தமானது. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், அதன்மேல் ஈட்டன் எம்112 ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ஏறக்குறைய 8 பிஎஸ்ஐ பூஸ்ட், தொழிற்சாலை அறிவித்த திறன் 390 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறியதாக மாற்றினால் பூஸ்ட் 15 பிஎஸ்ஐயை நெருங்கும். எஞ்சின் 500 குதிரைத்திறனை எட்டிப் பார்க்கும். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் இந்தக் காரை வைத்திருப்பவர்களில் மிகப் பலர் முதலில் செய்யும் மாற்றம் அதுதான். பம்பு போதுமா என்ற கேள்வியும் அந்தக் கப்பியோடு சேர்ந்தே வந்துவிடும்.

முதலில் எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க வேண்டும். சூப்பர்சார்ஜர் இல்லாத நல்ல எஞ்சின் முழு சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.45 முதல் 0.50 பவுண்ட் பெட்ரோல் எரிக்கும். சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்கு 0.60 முதல் 0.65 என்று வைத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கூடுதலுக்கு இரண்டு காரணங்கள். சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினே. பெல்ட் வழியாகப் போகும் அந்தத் திறனுக்கும் பெட்ரோல் எரிந்தாக வேண்டும், ஆனால் அது டைனோவில் காட்டும் எண்ணில் வராது. அடுத்தது, பூஸ்டில் எரிஅறை சூடேறாமல் இருக்கக் கலவையை 14.7க்கு 1 என்ற விகிதத்தில் விடாமல் 11.5 அல்லது 12க்கு 1 வரை பெட்ரோல் மிகுதியாக வைக்கிறோம். ஆக 500 குதிரைத்திறனுக்கு 0.60 என்ற கணக்கில் மணிக்கு 300 பவுண்ட், அதாவது 136 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை 740 கிராம் என்று கொண்டால் மணிக்கு 184 லிட்டர். இதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பாகச் சேர்த்தால் 221 லிட்டர். இதுதான் அந்தக் காரின் தேவை. 450 லிட்டர் பம்பு வேண்டும் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் இந்த நாலு வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

இதே கணக்கை இன்ஜெக்டர் பக்கமிருந்தும் போட வேண்டும். அங்கேதான் பெரிய பம்பின் மீதான நம்பிக்கை முதலில் ஆட்டம் காண்கிறது. அந்தக் கோப்ராவில் தொழிற்சாலை வைத்த எட்டு இன்ஜெக்டர்களும் ஒவ்வொன்றும் மணிக்கு 39 பவுண்ட் தருபவை. எந்த இன்ஜெக்டரையும் முழு நேரமும் திறந்தே வைத்து ஓட்டக் கூடாது. 85 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்ல ட்யூனர்களின் வழக்கம். அப்படியானால் எட்டும் சேர்ந்து 265 பவுண்ட், அதாவது மணிக்கு 163 லிட்டர். அது சுமந்து செல்லக்கூடிய திறன் 440 குதிரைத்திறன் சொச்சம். இந்த இன்ஜெக்டர்களை வைத்துக்கொண்டு டேங்கில் 255 போட்டாலும் 450 போட்டாலும் எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலில் ஒரு சொட்டும் கூடாது. பம்பு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு உள்ளே விடுவது என்பதை இன்ஜெக்டரின் அளவும் அது திறந்திருக்கும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. பெரிய பம்பு போட்ட பிறகும் கலவை வறண்டு போகிறது என்று முறையிடுகிற பலருடைய காரில் குறை இந்த இடத்தில்தான் இருக்கும். பம்புக்குக் கொடுத்த பணம் இன்ஜெக்டருக்குப் போயிருக்க வேண்டியது.

அடுத்தது அழுத்தம். ‘255 லிட்டர்’ என்ற பெயர் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ அளவில், 13.5 வோல்ட் கொடுத்து அளந்தது. அழுத்தம் ஏற ஏற எந்த மின்பம்பும் குறைவாகத்தான் தள்ளும். இன்ஜெக்டரின் முனை இருப்பது பூஸ்ட் நிறைந்த இன்டேக்கில். அங்கே 15 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது, பின்னாலிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயிலின் அழுத்தமும் அதே 15 ஏறினால்தான் இன்ஜெக்டர் முன்பு தந்த அளவைத் தரும். ஏறாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். ஒரு காரின் ரெயிலில் 58 பிஎஸ்ஐ அப்படியே நின்று, இன்டேக்கில் 15 ஏறினால், வேறுபாடு 43 ஆகச் சுருங்கி, பாய்ச்சல் 14 விழுக்காடு குறைந்துவிடும். பூஸ்டுக்குக் கட்டிய எஞ்சினைக் கொல்ல அது போதும். ஆகவே நம் கோப்ராவில் பம்பு எதிர்கொள்வது 40 அல்ல; அடிப்படை 40, பூஸ்ட் 15, குழாயிலும் ஃபில்டரிலும் இழப்பு ஒரு 5, மொத்தம் 60 பிஎஸ்ஐ. சின்ன இன்ஜெக்டரையே இழுத்துப் பிடித்து ஓட்ட அடிப்படை அழுத்தத்தை 60 ஆக உயர்த்துகிறவர்கள் உண்டு. அப்போது பம்பின் முன்னால் நிற்பது 80. சில பம்புகளின் உள்ளேயே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. அது எங்கே திறக்கும் என்று பார்க்காமல் வாங்கினால், பெயரில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் பூஸ்ட் உச்சத்தில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே கொட்டும். ஒரு பம்பை மதிப்பிட வேண்டுமானால் தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தில், உங்கள் உச்ச அழுத்தத்துக்கு நேராக இருக்கும் அளவைப் படிக்க வேண்டும். அந்த வரைபடத்தை வெளியிடாத பம்பை, அது என்ன விலைக்குக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வால்ப்ரோ போன்ற பெயர் பெற்ற பம்புகளுக்குச் சந்தையில் போலிகள் நிறையவே உண்டு. அவற்றின் பெட்டியிலும் அதே எண்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

மூன்றாவது, மின்சாரம். இதைத்தான் யாரும் பேசுவதில்லை. இந்த விஷயத்தில் ஆகப் பெரிய ஏமாற்றமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பம்பின் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது அதன் முனையில் கிடைக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருக்கலாம். தொழிற்சாலை வைத்த மெல்லிய வயர், பழைய ரிலே, கனெக்டர்கள் எல்லாவற்றையும் கடந்து காரின் பின்பக்கத்துக்குப் போகும்போது ஒரு வோல்ட்டோ இரண்டு வோல்ட்டோ வழியிலேயே தொலைந்துவிடுவது சாதாரணம். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பாய்ச்சலும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டாரின் வேகத்தில் ஒரு பகுதி அழுத்தத்தை எதிர்த்து நிற்பதற்கே செலவாகிறது. மிஞ்சிய வேகத்தில்தான் பெட்ரோல் நகர்கிறது. அதனால் உயர்ந்த அழுத்தத்தில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் பாய்ச்சல் அதைவிட அதிகமாகச் சரியும். இதில் பெரிய பம்பு நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. அது அதிக ஆம்பியர் இழுக்கும். அதே மெல்லிய வயரில் அதிக ஆம்பியர் போனால் வோல்ட் இழப்பும் அதே விகிதத்தில் கூடும். பழைய வயரிங்கில் போட்ட பெரிய பம்பு, தடிமனான வயரும் தனி ரிலேயும் கொடுத்த நடுத்தரப் பம்பைவிடக் குறைவாகத் தரக்கூடும் என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். மல்ட்டிமீட்டரைப் பம்பின் கனெக்டரில் வைத்து, பம்பு சுமையில் ஓடும்போது படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோப்ராவுக்கே இது நேரடியாகப் பொருந்துகிறது. அந்தக் காரில் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது. டேங்குக்குள் இரண்டு பம்புகள். அவற்றுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு டிரைவர் மாட்யூல் வினாடிக்குப் பலமுறை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ரெயிலில் உள்ள சென்சார் பெட்ரோலின் அழுத்தத்துக்கும் இன்டேக்கின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்து சொல்ல, எஞ்சின் கம்ப்யூட்டர் அதை 40 பிஎஸ்ஐக்கு அருகில் வைத்திருக்கப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பூஸ்ட் ஏறினால் ரெயிலும் ஏற வேண்டும் என்ற விதியை ஃபோர்டு இப்படி மென்பொருளாலேயே நிறைவேற்றியிருக்கிறது. இந்த அமைப்பில் இரண்டு மிகப் பெரிய பம்புகளைத் திணித்தால் அந்த ஒற்றை மாட்யூல் தாங்க வேண்டிய ஆம்பியர் அதற்கு வகுத்த வரம்பை மீறுகிறது. மாட்யூல் சூடேறிக் கருகும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும். இரண்டுமே நடப்பது முழு பூஸ்டில்தான், ஏனென்றால் அப்போதுதான் ஆம்பியர் உச்சத்தில் இருக்கும். ஐடிலில் நேர்மாறான தொல்லை: மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் மட்டும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பூதங்களை அவ்வளவு மெதுவாகச் சுழலவைக்கக் கம்ப்யூட்டர் திணறுகிறது, அழுத்தம் நிலையாக நிற்காமல் அலைகிறது. அதே காரில் தொழிற்சாலைப் பம்புகளுக்கு நல்ல வயரிங் போட்டவர்களும், பூஸ்ட் நேரத்தில் மட்டும் வோல்ட்டை உயர்த்தும் கென்னி பெல் பூஸ்ட்-எ-பம்ப் போன்ற கருவியை வைத்தவர்களும், 2005 மாடல் ஆண்டில் வந்த ஃபோர்டு ஜிடி காரின் பம்புகளை மாற்றிப் பொருத்தியவர்களும் தங்கள் தேவையை நிறைவாக எட்டியிருக்கிறார்கள். அந்த ஜிடி தொழிற்சாலையிலிருந்தே 550 குதிரைத்திறனோடு வந்த சூப்பர்சார்ஜர் கார். அதன் பம்பு அந்தத் தேவைக்கு அளந்து செய்யப்பட்டது. அமைப்போடு பொருந்துகிற பம்பைத் தேர்ந்தெடுத்தார்கள், வேலை முடிந்தது.

‘ரிட்டர்ன் லைன் உள்ள காரில் இந்தப் பிரச்சினையே இல்லையே, மிச்சம்தான் திரும்பிவிடுகிறதே’ என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. திரும்பிவிடுகிறது, திரும்பும் வழி போதுமானதாக இருந்தால். ரெகுலேட்டரின் துளையும் தொழிற்சாலை ரிட்டர்ன் குழாயும் தொழிற்சாலைப் பம்பின் மிச்சத்துக்கு அளந்து வைத்தவை. ஐடிலில் 400 லிட்டரை அந்தக் குறுகிய குழாயில் திணித்தால், ரெகுலேட்டர் முழுக்கத் திறந்த பிறகும் அழுத்தம் தானாக மேலே ஏறி நிற்கும். கலவை மிகுதியாகிப் புகைக்கும், பிளக் கறுக்கும்; ட்யூனர் அதை மென்பொருளில் குறைத்து ஈடுகட்டுவார்; வேகம் கூடும்போது உண்மையான அழுத்தம் வேறாக இருப்பதால் அந்த ஈடு பொய்யாகிவிடும். வெப்பமும் இருக்கிறது. மணிக்கு 300 லிட்டரை 5 பார் அழுத்தத்தில் தள்ளுவதில் பெட்ரோலுக்குச் சேரும் ஆற்றல் 42 வாட்தான். ஆனால் 13.5 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும் பம்பு 200 வாட்டுக்கு மேல் தின்கிறது. பம்பு பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி பெட்ரோலுக்கே போகிறது. சூடான எஞ்சின் அறைக்குப் போய்த் திரும்பும் பெட்ரோல் கொண்டுவரும் வெப்பம் அதற்கு மேல். அறுபது லிட்டர் டேங்கில் பாதி இருக்கும்போது 400 லிட்டர் சுழற்சி என்றால் டேங்கில் உள்ளது அனைத்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினைச் சுற்றி வந்துவிடும். வெயில் நாளில், போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்டு ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், சூடேறிய பெட்ரோல் பம்பின் வாயிலேயே ஆவிக் குமிழிகளாகி அழுத்தம் விழுகிறது. பாதுகாப்புக்கென்று வாங்கிய பம்பே எஞ்சினை வறள வைக்கிறது.

‘ஆயிரக்கணக்கான பேர் 450 போட்டு ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அடுத்தது. அவர்களில் பலருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகாது. ரிட்டர்ன் குழாயை மாற்றியிருப்பார்கள், நல்ல ரெகுலேட்டர் வைத்திருப்பார்கள், வயரிங்கையும் புதிதாக இழுத்திருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றியது இந்த மூன்றும். எண்ணை மட்டும் பார்த்து அவர்களைப் பின்பற்றுகிறவர் பாதி வேலையை மட்டும் செய்கிறார். அத்தோடு, பிஸ்டன் உடைந்தபின் தன் பம்பின் முனையில் எத்தனை வோல்ட் வந்தது என்று அளந்து பார்க்கிறவர் அரிது. பழி ட்யூனர் மீதோ பெட்ரோலின் தரத்தின் மீதோ போய்விடும். தோல்விகள் வேறு பெயரில் பதிவாகும்போது வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதம் கட்டுவது சரியல்ல.

மூன்றாவது மறுப்புக்கு வலு அதிகம்: பம்பு தேயும், ஃபில்டர் அடைக்கும், நாளைக்கு எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருளுக்கு மாறலாம், கையிருப்பு வேண்டாமா? வேண்டும். முன்பு சேர்த்த ஐந்தில் ஒரு பங்கு தேய்மானத்துக்கும் அடைப்புக்கும்தான். ஈ85 வேறு கதை. எத்தனாலுக்குக் காற்றோடு கலக்கும் விகிதமே வேறு. ஈ85க்கு அது ஏறக்குறைய 9.8க்கு 1. அதே திறனுக்கு 30 முதல் 40 விழுக்காடு அதிக அளவு வேண்டும். நம் 184 லிட்டர் 250ஐ நெருங்கும். கையிருப்பும் சேர்த்தால் 300, அதுவும் 60 பிஎஸ்ஐயில். அங்கே 255 பம்பு ஒன்று போதவே போதாது; எத்தனாலைத் தாங்கும் பெரிய பம்பு, அல்லது இரண்டு பம்புகள், பெரிய இன்ஜெக்டர்கள், ரிட்டர்ன் லைன் எல்லாம் கட்டாயம். பெரிய பம்புக்கு நான் எதிரி அல்ல. கணக்கு கேட்கும்போது பெரியதைப் போட வேண்டும், அதோடு சேர்ந்தவற்றையும் போட வேண்டும். என்றோ ஒருநாள் மாறக்கூடிய எரிபொருளுக்காக இன்றைய காரை மோசமாக ஓடவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். மாறும் நாளில் இன்ஜெக்டரும் ட்யூனிங்கும் எப்படியும் மாறத்தான் போகின்றன. பம்பும் அன்றைக்கு மாறட்டும்.

இரண்டாவது பம்பைப் பூஸ்ட் நேரத்தில் மட்டும் ஓடவைக்கும் ஏற்பாட்டையும் இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் பெரிய பம்புக்கு மாற்றாக அதிகம் பரிந்துரைக்கப்படுவது அதுதான். ஐடில் வெப்பத்தையும் ரிட்டர்ன் நெருக்கடியையும் அது நன்றாகவே தீர்க்கிறது. ஆனால் அந்த இரண்டாவது பம்பு செத்துப்போனால் நகரத்தில் ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது. தெரியவருவது முழு பூஸ்டில், அப்போது காலம் கடந்திருக்கும். ஆகவே ரெயிலின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும், அழுத்த வேறுபாடு சரிந்தால் எஞ்சினை உடனே அடக்கும் மென்பொருள் காவலும் இல்லாமல் அந்த ஏற்பாட்டைச் செய்யக் கூடாது. அந்தப் பம்பை இயக்குவதற்காகப் பூஸ்டை உணரும் குழாயைச் சூப்பர்சார்ஜருக்குக் கீழே, இன்டேக் போர்ட் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். ரூட்ஸ் வகையில் த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், மேல்பக்கத்தில் எடுத்தால் அங்கே பூஸ்டே தெரியாது. வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சுவதையும் எந்த அளவுப் பம்பாலும் தீர்க்க முடியாது. பம்பைச் சூழ்ந்திருக்கும் கிண்ணத்தைப் பெரிய பம்பு சீக்கிரமாகவே காலி செய்துவிடும்.

பம்பு போதுமா என்பதற்கு ஒரே சாட்சி டைனோவிலோ மூடிய பாதையிலோ முழு பூஸ்டில் எடுக்கும் பதிவு. இன்டேக் அழுத்தத்தையும் ரெயில் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். கோப்ராவில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 40 பிஎஸ்ஐக்கு அருகில் கடைசி ஆர்பிஎம் வரை தட்டையாக நின்றால், பம்பின் பெயரில் என்ன எண் இருந்தாலும் அது போதும். கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் அது கீழே சாயத் தொடங்கினால் அதே ஓட்டத்தில் பம்பின் முனையில் வந்த வோல்ட்டைப் பாருங்கள். 13க்குக் கீழே இருந்தால் வயரையும் ரிலேயையும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தும் சாய்ந்தால் ஃபில்டரைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால், 60 பிஎஸ்ஐயில் 221 லிட்டரைத் தரும் என்று வரைபடத்தில் காட்டும் பம்பைத் தேடி வாங்குங்கள். அதுவரை கப்பியை மாற்ற வேண்டாம்.